செக்போஸ்ட், செக் டேம், செக்மேட்: எல்லாம் ஒரே செக்தானா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "செக்போஸ்ட், செக் டேம், பேங்க் செக், செக்மேட், செக் சட்டை. இதெல்லாம் ஒரே சொல்லா, வேறு வேறா? இதில் எது நேர்ப்பொருள், எது உருவகம்? போட்டித் தேர்வில் 'ஹெல்ட் இன் செக்' என்பதற்குப் 'பரிசோதிக்கப்பட்டது' என்று குறித்தேன். தப்பு என்று வந்துவிட்டது. ஏன்? அப்புறம், செக்கிழுத்தார் என்கிறோமே, அந்தச் செக்குக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் கேட்ட செக்கைத் தவிர மற்றதெல்லாம் ஒரே சொல்தான், பேங்க் செக் உட்பட. தேர்வுக்குச் சரியான விடை 'கட்டுக்குள் வைக்கப்பட்டது'. 'பரிசோதி' என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே இருந்த பொருள் 'நிறுத்து'. இந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

அதே மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தச் சொல்லில் நம்ம பிள்ளைகள் சறுக்குகிற இடம் எப்போதும் ஒன்றேதான். தமிழாகட்டும், மலையாளமாகட்டும், 'செக் பண்ணு' என்றால் 'சரியா இருக்கா பாரு' என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். பி.பி. செக் பண்ணு, கேஸ் லீக் ஆகுதா செக் பண்ணு, மார்க்கைக் கூட்டிச் செக் பண்ணு. இதே நினைப்போடு இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் பாதி இடத்தில் அர்த்தம் கோணலாகப் போய்விடும். ஒருமுறை வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "ஏனுங் சார், செக் டேம்ல என்னத்தைங் செக் பண்றாங்கோ, தண்ணியையா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் கேள்வியில் குற்றமில்லை. செக் டேமில் யாரும் எதையும் பரிசோதிப்பதில்லை. ஓடுகிற தண்ணீரை மறித்து, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் நிற்க வைத்து, நிலத்துக்குள் இறங்க விடுவதுதான் அதன் வேலை. தமிழில் 'தடுப்பணை' என்று பெயர் வைத்தவர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் கிணறும் போரும் வைத்து வெள்ளாமை பார்ப்பவர்களிடம் கேட்டால் தண்ணீர் நிற்பதன் அருமையைச் சொல்வார்கள்.

தண்ணீரை நம் அர்த்தத்தில் 'செக்' பண்ணுகிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. மணக்கடவு அணைக்கட்டு. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி அங்கே ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். வந்ததா இல்லையா என்று இரண்டு மாநிலமும் கணக்குப் பார்க்கும் இடம் அது. ஆக, தடுப்பணையில் தண்ணீருக்கு நடப்பது ஒரு செக், மணக்கடவில் நடப்பது இன்னொரு செக்.

செக்போஸ்ட்டில் இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஓணம் நெருங்கும் நாட்களில் மீனாட்சிபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். கேரள பால்வளத் துறையின் சோதனைச்சாவடி அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வரும் டேங்கர்கள் வரிசையாக நிற்கும். மேல்மூடியைத் திறந்து, பாலைக் கலக்கிவிட்டு, மாதிரி எடுத்து உள்ளே கொண்டுபோவார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு, யூரியாவோ ஃபார்மலினோ கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு வரும்வரை வண்டி நகராது. டிரைவர் கீழே இறங்கி டீக்கடைப் பக்கம் போய்விடுவார். வண்டியை மறித்தது முதல் செக். பாலைப் பார்த்தது இரண்டாவது செக். சொல்லின் சரித்திரத்திலும் இதே வரிசைதான்: மறிப்பது முன்னே, பார்ப்பது பின்னே.

வாளையார் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இருக்க முடியாது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்து வணிக வரிச் சோதனைச்சாவடி எடுக்கப்படும்வரை அங்கே லாரி வரிசை எப்படி நிற்கும் என்று பழைய டிரைவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கவனியுங்கள். "செக்போஸ்ட்ல மாட்டிக்கிட்டேன்" என்பார்கள். "சரக்கைப் பார்த்தார்கள்" என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம், நின்றதுதான் கதை. தமிழில் நாம் வைத்திருக்கும் 'சோதனைச்சாவடி' என்ற பெயரும் கெட்டிக்காரப் பெயர்தான். சாவடி என்பது வழியில் போகிறவர்கள் நின்று தங்கிப் போகும் இடம். வாளையாரைத் தாண்டிக் கோவைப் பக்கம் போனால் க.க.சாவடி என்று ஊருக்கே அதுதான் பெயர். சோதனை என்பது பார்க்க, சாவடி என்பது நிற்க. இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லில் அடக்கிய இரண்டு வேலையையும் நாம் இரண்டு சொல்லாகப் பிரித்து ஒட்டியிருக்கிறோம்.

சரி, இந்த 'நிறுத்து' எங்கிருந்து வந்தது? ஒரு ராஜாவிடமிருந்து. பாரசீக மொழியில் ஷா என்றால் அரசன். 1979 வரை ஈரானை ஆண்டவரை உலகமே ஷா என்றுதான் சொன்னது. நம் நாட்டில் சதுரங்கம் என்ற பெயரில் ஆடிய ஆட்டம் பாரசீகத்துக்குப் போய்ச் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் இடத்தில் காய் வைக்கும்போது "ஷா!" என்று குரல் கொடுப்பது வழக்கம். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று எச்சரிக்கும் மரியாதை. ஆட்டம் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது அந்தக் குரலும் கூடவே போனது. லத்தீனில் ஸ்காக்குஸ், பழைய பிரெஞ்சில் எஷெக், 14ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலீஷில் செக்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் செஸ் என்ற பெயர். செக்கும் செஸ்ஸும் ஒருதாய்ப் பிள்ளைகள். ரஷ்யர்கள் இன்றும் ராஜாவுக்கு வைக்கும் செக்கை 'ஷாஹ்' என்கிறார்கள், ஆட்டத்தையே 'ஷாஹ்மத்தி' என்கிறார்கள். வட இந்தியாவிலும் 'ஷஹ்', 'மாத்' என்ற சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

செக்மேட் என்பது 'ஷா மாத்'. ரூம்மேட், கிளாஸ்மேட் மாதிரி இதிலும் நண்பன் யாரோ இருப்பதாக நினைத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மேட் வேறு. மாத் என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். அரபியில் 'செத்துப்போனான்', பாரசீகத்தில் 'கதியற்று நின்றான்'. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. சதுரங்கத்தில் ராஜாவை வெட்டுவதே கிடையாதே. போக்கிடம் இல்லாமல் ஆக்கியவுடன் ஆட்டம் முடிந்துவிடுகிறது. இப்போதைய போட்டிகளில் 'செக்' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. குகேஷ் ஆட்டங்களை டி.வி.யில் பார்த்தவர்களுக்குத் தெரியும், காய் நகரும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. நம்ம ஊர்த் திண்ணைகளில்தான் இன்னும் 'செக்!' என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறோம்.

ராஜாவுக்குச் செக் விழுந்தால் என்ன ஆகிறது? அதுவரை போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் அப்படியே நிற்கிறது. முதலில் ராஜாவைக் காப்பாற்றிவிட்டுத்தான் வேறு எதுவும். இந்தத் 'திடீரென்று நிற்க வேண்டிவருவது' என்ற அனுபவம்தான் பலகையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தது. தம்பி, இந்தப் பொருள் உங்களுக்குத் தெரியாததும் இல்லை. 'எதிர்க்கட்சிக்கு செக் வைத்த ஆளுங்கட்சி' என்று நம்ம பேப்பர்கள் தலைப்புப் போடுகின்றன. அதைப் படித்துவிட்டு, ஆளுங்கட்சி எதிர்க்கட்சியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்வதில்லை அல்லவா? தமிழில் 'செக் வை' என்றால் மடக்குவது, 'செக் பண்ணு' என்றால் சரிபார்ப்பது. பக்கத்தில் வரும் வினையை வைத்தே நாம் பிரித்துக்கொள்கிறோம். இங்கிலீஷில் அந்த வசதி குறைவு.

இப்போது எது நேர், எது உருவகம் என்ற கேள்விக்கு வருகிறேன். தலை, வாய், காது போன்ற சொற்களில் இதைப் பிரிப்பது சுலபம். உடம்பில் இருப்பது நேர். பையின் வாயும் ஊசியின் காதும் உருவகம். செக் விஷயத்தில் அப்படிக் கோடு கிழிக்க முடியாது. அதன் முதல் பொருளே ஒரு பலகை மேல் நடக்கும் பொய்ச் சண்டையில், மரத்தால் செய்த ராஜாவைப் பார்த்து எழுப்பிய குரல். செக்போஸ்ட் இரும்பும் சிமெண்டுமாகக் கண்ணெதிரே நிற்பதால் அதுதான் நேர்ப்பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது. சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அதுவும் சதுரங்கத்திலிருந்து கிளைத்ததுதான். நாளாக நாளாக இறுகிப்போய் உருவகம் என்றே தெரியாமல் ஆகிவிட்டது. மாறாக, உங்களைத் தேர்வில் காலை வாரிவிட்ட 'இன் செக்' மூலத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. சதுரங்கத்தில் தாக்கப்பட்ட ராஜா 'இன் செக்' என்ற நிலையில் இருக்கிறார். இஷ்டத்துக்கு நகர முடியாது. 'ஹி கெப்ட் ஹிஸ் ஆங்கர் இன் செக்' என்றால் கோபம் அந்த ராஜாவின் நிலையில் இருக்கிறது. இருக்கிறது, ஆனால் அசைய விடவில்லை. பத்திரிகைத் தமிழில் 'விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க' என்று எழுதுகிறார்களே, அச்சாக அதே பொருள். பேச்சுத் தமிழில் கடிவாளம் போடுவது, மூக்கணாங்கயிறு போடுவது என்பவையும் இந்த வேலையைச் செய்யும். இங்கிலீஷ்காரர்களும் குதிரை தலையைத் தொங்கப் போடாமல் பிடித்து வைக்கும் வாருக்குச் 'செக் ரெய்ன்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பழைய பொருளை இங்கிலீஷ் வாத்தியார்களைவிட மோட்டார் மெக்கானிக்குகள் நன்றாக அறிவார்கள். கிணற்றில் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு போடுகிறோமே, அது செக் வால்வு ஜாதி. போர்வெல் குழாயில் மாட்டுவதைக் கடையில் என்.ஆர்.வி. என்று கேட்பார்கள். உள்ளே ஒரு தட்டு இருக்கும். தண்ணீர் மேலே ஏறும்போது திறந்து வழிவிடும். மோட்டாரை நிறுத்தியவுடன் தண்ணீர் திரும்பி இறங்கப் பார்க்கும், உடனே தட்டு 'டொக்' என்று சாத்திக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு துண்டு மட்டையோ கல்லோ சிக்கிக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் காலியாகிவிடும். மறுநாள் காலையில் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி மோட்டாரைப் பழக்க வேண்டியதுதான். செக் நட்டும் இப்படித்தான், மெயின் நட்டு கழன்றுவிடாமல் இறுக்கிப் பிடிக்க மேலே போடும் இன்னொரு நட்டு. ரயில் பாதையில் கூர்மையான வளைவுகளில் தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கமாக இன்னொரு தண்டவாளம் ஓடும். அது செக் ரெயில், சக்கரம் விலகிப் போகாமல் தடுக்கிறது. இவை ஒன்றிலாவது 'சரிபார்ப்பது' இருக்கிறதா?

அப்படியானால் சரிபார்ப்பது எப்படி உள்ளே நுழைந்தது? கணக்கு வழக்கு வழியாக. ஒருவர் காட்டும் கணக்கை இன்னொரு பதிவோடு வைத்து ஒப்பிட்டால் கையாடல் நிற்கும். ஒப்பிடுவது தடுப்பதற்கு வழி. போகப் போக வழிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இது நடந்தது 17ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில்தான். சதுரங்கப் பொருள் வந்து முன்னூறு வருஷத்துக்குப் பிறகு.

பணத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்கியே' என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வருவாய்க் கணக்கை முடிக்க அதிகாரிகள் ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்காருவார்கள். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். வைத்த காய் கீழே விழாமலிருக்க ஓரத்தில் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ஒரு வரிசை பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அதற்கும் மேலே இருபது, நூறு, ஆயிரம் பவுண்டுகளுக்கு. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு பெரிய தொகைகளைக் கூட்டிக் கழிப்பது எவ்வளவு தொல்லை என்று ஒருமுறை முயன்று பார்த்தால் தெரியும். அதனால் காய்களைக் கட்டத்தில் வைத்தும் எடுத்தும் கணக்குப் போட்டார்கள். மாவட்டத்தில் அரசனுக்காக வசூல் செய்துகொண்டு வரும், எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃப்புக்கும் கண்ணெதிரே கணக்கு புரியும். அரசனின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் இந்த நடைமுறையைக் கேள்வி பதில் வடிவில் லத்தீனில் ஒரு நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரிஃப்பும் மோதுகிறார்கள் என்று அவரே அதில் சொல்கிறார்.

அந்த மேசையின் பெயர் அங்கே கூடிய சபைக்கு ஆனது, சபையின் பெயர் கஜானாவுக்கு ஆனது. எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான். பச்சையாகச் சொன்னால் கட்டம் போட்ட துணிக்கு அமைச்சர்.

பேங்க் செக்குக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் செக் என்றது முதலில் அடிக்கட்டையைத்தான். பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடிக்கட்டையை வைத்துக்கொண்டால், யாராவது தொகையைத் திருத்தினாலும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். மோசடிக்குச் செக் வைக்கும் துண்டு என்பதால் அந்தப் பெயர். பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே பெயர் மாறிவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் எக்ஸ்செக்கரின் எழுத்தைப் பார்த்து இதற்குக் 'க்யூ' எழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். அமெரிக்கர்கள் பழையபடி 'சி கே' என்றே விட்டுவிட்டார்கள். இந்தியாவில் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்திலேயே 'க்யூ' இருப்பதால் நமக்கு அதுதான்.

எல்லைப் பக்கத்தில் நேர்ப்பொருளும் உருவகமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் 'பிளாங்க் செக்' என்ற தொடரைப் பாருங்கள். இங்கிலீஷில் அதன் உருவகப் பொருள், 'உன் இஷ்டப்படி செய், நான் பின்னால் இருக்கிறேன்' என்று முழு அதிகாரம் கொடுப்பது. 1914 ஜூலை மாதம் ஜெர்மனி ஆஸ்திரியா-ஹங்கேரிக்குக் கொடுத்த ஆதரவு உறுதியைச் சரித்திரப் புத்தகங்கள் 'பிளாங்க் செக்' என்றே சொல்கின்றன. அடுத்த சில வாரங்களில் முதல் உலகப் போர் வெடித்தது. அதில் கொடுப்பவன் பெரிய ஆள். நம்ம ஊர் பிளாங்க் செக்கில் கொடுப்பவன் இளைத்தவன். மகள் கல்யாணத்துக்கோ மாட்டுக்கோ கடன் வாங்கப் போனால் வட்டிக்காரர் கையெழுத்து மட்டும் போட்ட வெறும் செக் லீஃபை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். தவணை தவறினால் தனக்குத் தோன்றிய தொகையை எழுதி பேங்கில் போடுவார். 'பிளேடு' என்று மலையாளத்தில் சொல்லும் கந்துவட்டிக்கு எதிராக 2014இல் கேரள போலீஸ் 'ஆபரேஷன் குபேரா' என்று இறங்கியபோது அப்படிப்பட்ட வெற்றுச் செக்குகள் நிறைய வெளியே வந்தன.

இதைச் சொல் விளக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். செக் பணமில்லாமல் திரும்பினால் அதே செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கையெழுத்துப் போட்டு மனமொப்பிக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும் கடன் இருந்தது என்ற சட்ட அனுமானம் பொருந்தும், இல்லை என்று நிரூபிப்பது கையெழுத்துப் போட்டவர் பாடு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டம் போட்ட சட்டை, கட்டம் போட்ட கைலி எல்லாம் அதே பலகையின் வம்சம், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் துணிக்கடையில் 'மெட்ராஸ்' என்று கேட்டாலே கட்டம் போட்ட பருத்தித் துணியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள் என்பது நமக்குக் கொஞ்சம் பெருமை. இதன் உருவகம் 'செக்கர்ட் கரியர்'. கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும் பலகை போல, ஏற்றமும் இறக்கமும் கலந்த வாழ்க்கை. பெரும்பாலும் இறக்கத்தைக் குத்திக்காட்டத்தான் அதை எடுப்பார்கள். ஒருவரைப் புகழ நினைத்து எழுதிவிடாதீர்கள்.

அடையாளச் சீட்டு என்ற பொருளும் உண்டு. அடிக்கட்டையோடு பொருத்திப் பார்க்கும் துண்டு. ரயிலிலோ விமானத்திலோ மூட்டையை ஒப்படைத்தால் கொடுக்கும் சீட்டு அப்படிப்பட்டது, செக்-இன் லக்கேஜ் எல்லாம் அந்த வழியில் வந்தவை. 'ரெயின் செக்' அமெரிக்கர்களின் பேஸ்பால் மைதானத்தில் பிறந்தது. மழையால் ஆட்டம் நின்றால், இன்னொரு நாள் வந்து பார்க்க அந்தச் சீட்டு செல்லும். இப்போது யாராவது டீ சாப்பிடக் கூப்பிட்டு, 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்று நீங்கள் சொன்னால், 'இன்றைக்கு முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று பொருள். தேர்வுகளில் அடிக்கடி வருகிற ஒன்று. மழைக்கும் அதற்கும் இப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்று அரசியல் பாடத்தில் வருவதிலும் பழைய 'நிறுத்து'தான் இருக்கிறது. அரசின் ஓர் உறுப்பு தலைகால் புரியாமல் ஓடும்போது இன்னோர் உறுப்பு குறுக்கே நிற்கும் ஏற்பாடு. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தை ஒட்டித்தான் இதை அதிகம் பேசுவார்கள். ஆனால் நமக்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் இருக்கிறது, அதுவும் கேரளத்தின் இன்னொரு எல்லையில். காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 13 நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டு, 1973 ஏப்ரல் 24ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது என்று. மடத்தின் நிலத்துக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு மட்டும் ஒரு செக் விழுந்தது. இங்கே 'செக்' என்பதைச் 'சரிபார்ப்பு' என்று பெயர்த்தால் பாதிதான் வரும். நீதிமன்றம் பார்த்தது மட்டுமில்லை, மறித்தும் நின்றது.

மற்றவை சில்லறை. ரியாலிட்டி செக் என்றால் கனவில் மிதப்பவனைத் தரையில் இறக்குவது. ஐஸ் ஹாக்கியில் பாடி செக் என்றால் உடம்பால் மோதி எதிராளியை நிறுத்துவது. லாட்ஜில் செக்-அவுட் என்றால் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புவது. வகுப்பில் ஒருவன் 'மெண்டலி செக்ட் அவுட்' என்றால் உடம்பு மட்டும் பெஞ்சில் இருக்கிறது என்று அர்த்தம்.

தேர்வுக்கு ஒரு வழி சொல்கிறேன். 'செக்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் 'நிறுத்து' என்று போட்டுப் படியுங்கள். பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் மட்டும் 'சரிபார்' என்பதற்குப் போங்கள். முன்னால் 'இன்' வந்தால் யோசிக்கவே வேண்டாம், கட்டுக்குள் வைப்பதுதான். ஆனால் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு 'செக்-இன்' என்று இருந்தால் அது லாட்ஜும் ஏர்போர்ட்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ஆன்' பின்னால் வந்து 'செக் ஆன் த பேஷண்ட்' என்று இருந்தால் போய்ப் பார்த்து வருவது. ஆனால் 'எ செக் ஆன் பவர்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் மறுபடியும் தடைதான். இந்தக் கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேள்வித்தாள்காரர்கள் விளையாடுவார்கள்.

செக்கிழுத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு எண்ணெய் ஆட்டும் செக்கு, அசல் தமிழ்ச் சொல். பாரசீக ராஜாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒலி ஒன்றாக அமைந்தது தற்செயல். அமெரிக்காவில் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு 'செக் ப்ளீஸ்' என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டாலும் திகைக்க வேண்டாம். அவர் கேட்பது பில்.